தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர்

17 ஜூன் 1996, திங்கள்

புஜ்ஜி, இன்றைக்குக் காலையிலிருந்து தூறல். உங்க நைனா மோட்டார் கடைக்குப் போய்விட்டார். மத்தியானச் சோற்றைத் தூக்கில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். நீ போன நான்கு மாதத்தில் அவராகக் கேட்டது இன்றுதான்.

இந்த நோட்டு உன்னுடையது. அட்டையில் உன் பேரும் ரோல் நம்பரும் இருக்கிறது, உள்ளே ஒரு எழுத்தும் இல்லை. மானசாதான் உன் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "அண்ணங்கிட்டப் பேசோணும்னா இதுல எழுதுங்கம்மா. நீங்க சமையக்கட்டுல தனியாப் பேசிட்டிருந்தா நைனா பயந்துக்கறாரு" என்றாள்.

அவளுக்கு இன்று காலேஜ் திறந்துவிட்டது. இரண்டாம் வருஷம். நீ படித்த அதே காலேஜ், கோயமுத்தூரில் அதே காம்பவுண்டு, ஹாஸ்டல் மட்டும் வேறே. ஆறு மணி பஸ்ஸுக்குக் கூட்டிப் போய் ஏற்றினேன். பஸ் உடுமலை பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே போகிறவரைக்கும் டிரைவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல தூக்கம் தூங்கியவனா என்று.

நான் ஐந்தாவதோடு நின்றவள். நம் வீட்டில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். எழுத வருவது தமிழ் மட்டும். தப்பு இருந்தால் சிரிக்காதே.

19 ஜூன்

முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். உனக்குப் பிடிக்காது என்று எத்தனை வருஷம் வைக்காமல் இருந்தேன். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

30 ஜூன், ஞாயிறு

மானசா நேற்று வந்தாள். கையில் டைப் அடித்த ஒரு தாள். சாப்பிடும்போது அதை நைனா தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன சாமி இது?"

"கையெழுத்துப் போடோணுமுங்க நைனா. எங்க ஹாஸ்டல்ல யாருக்காச்சும் ஊட்டுல எழவுன்னு சேதி வந்தா, அவங்ககூட ரெண்டு பேரு ஊருக்குப் போறதுக்கு. பசங்க ஹாஸ்டல்ல இருக்குதல்லங்க, அண்ணன் போனானே, அதேதான். நாங்க பதினோரு பேரு பேரு குடுத்திருக்கறோம். பெத்தவங்க கையெழுத்து இருந்தாத்தான் அனுப்புவேன்னு வார்டன் சாராள் மேடம் சொல்லிப்போட்டாங்க."

நைனா சோற்றைப் பிசைந்த கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பழக்கந்தான் ஒருத்தனக் கொண்டுட்டுப் போச்சு. இருக்கறது ஒண்ணு. அதையும் எவ ஊட்டு எழவுக்கோ பஸ் ஏத்தி உடறதா?"

"நைனா..."

"எந்திரிச்சுப் போயிரு அம்மணி. நான் சோறு திங்கோணும்."

அவரும் திங்கவில்லை.

இரவு வேண்டாம், காலையில் பேசலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் தலை பின்னும்போது அவளாகவே சொன்னாள். இத்தனை நாள் சொல்லவே இல்லை, புஜ்ஜி. உன் சேதி வந்த அன்றைக்கு வார்டன் அவளைக் கூப்பிட்டுச் சொன்னது காலை ஒன்பது மணிக்காம். பெரியப்பா இங்கிருந்து போய்க் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது இரண்டு மணி.

"அஞ்சு மணி நேரம் அந்த பெஞ்சுல உக்காந்திருந்தேன்மா. பொம்பளப் புள்ளையத் தனியா அனுப்பக் கூடாதாமா, ஊட்டுல இருந்து ஆள் வரோணுமாமா. புள்ளைங்க எல்லாம் கிளாஸுக்குப் போயிட்டாங்க. எதுத்தாப்புல ஒரு காலண்டர் மாட்டியிருந்துது. இந்த வருசத்து முகூர்த்த நாள் பூராவும் எனக்கு இப்பவும் மனப்பாடம்."

எனக்குச் சீப்பு நகரவில்லை.

"நாந்தான் இத ஆரம்பிச்சேன். நானே கையெழுத்து இல்லாமப் போய் நின்னா மத்த பத்துப் பேரும் நின்னுக்குவாங்க. நைனா போடலீன்னா நீங்க போடுங்கம்மா. பெற்றோர்னுதானே போட்டிருக்குது?"

தாளைக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

1 ஜூலை

போகவும் வரவும் அந்தத் தாள் கண்ணில் படுகிறது.

நீ முதல் தடவை போனது ஞாபகம் வருகிறது. காலேஜில் சேர்ந்து மூன்று மாதம்தான். ஒரு புதன்கிழமை, லீவு நாளும் இல்லை, வாசலில் வந்து நின்றாய். எங்கேயிருந்துடா வர்றே என்றால், தாராபுரத்தில் ஒரு சாவு என்றாய். செத்தது யாரு? "தெரியாதும்மா." எந்தப் பையன் வீட்டில்? அந்தப் பையன் பேர்கூடப் பஸ் ஏறிய பிறகுதான் கேட்டாயாம்! பைத்தியமாடா உனக்கு என்று உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி நான்கு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாய். நீ சேருவதற்கு ரொம்ப வருஷத்துக்கு முந்தி, உங்க ஹாஸ்டலில் ஒரு பையனுக்கு அப்பா செத்துப்போனதாகத் தந்தி வந்ததாம். எல்லாரும் சேர்ந்து பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அவன் பல்லடத்தில் இறங்கி, அந்த பஸ் ஸ்டாண்டிலேயே சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்துவிட்டானாம். வீட்டுக்குப் போனால்தானே அது நிசம்? அவன் போய்ச் சேர்ந்தபோது எரித்து முடித்திருந்தார்கள். அன்றைக்கு ஹாஸ்டலில் ஒரு சட்டம் போட்டார்கள். இனிமேல் யாரையும் தனியாக அனுப்புவதில்லை. கூட இரண்டு பேர். ஒருத்தன் தெரிந்தவன். இன்னொருத்தன் தெரியாதவன், அவனைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது.

"தெரியாதவன் எதுக்குடா?"

"தெரிஞ்சவன் சேந்து அழுவாம்மா. தெரியாதவந்தான் டிக்கெட் எடுப்பான், தண்ணி வாங்குவான், எறங்கற எடம் பாப்பான். ரெண்டும் வேணுமல்ல?"

பதினெட்டு வயசுப் பையன் சொல்கிற பேச்சா அது? அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. ஈரத் தலையோடு ஜலதோஷம் பிடிக்கும் என்றுதான் நினைத்தேன்.

அமெரிக்காவுக்குப் போய்ப் படிக்கிறவர்கள் ஊரிலிருந்து என்னென்னவோ கொண்டுபோவார்கள். நீ இதைக் கொண்டுபோனாய். உன் நீலக் கடிதம் இதோ இருக்கிறது. "இங்க ஒருத்தருக்கு வீட்ல துக்கம்னா கதவுக்கு அடீல ஒரு அட்டையத் தள்ளிட்டுப் போயிர்றாங்கம்மா. பூப்படம் போட்ட அட்டை. எல்லாரும் நல்லவங்கதான், என்ன செய்யறதுன்னுதான் தெரியல." நீ அங்கே ஹாஸ்டல் நடையில் இந்தச் சட்டத்தை எழுதி ஒரு நோட்டீஸ் ஒட்டினாயாம். முதலில் சிரித்தார்களாம். நீ கூட வந்து என்னய்யா கிழிக்கப் போறே என்று ஒருத்தன் கேட்டதற்கு, டிக்கெட் எடுப்பேன் என்றாயாம். ஒரு மாசத்தில் இருபத்தேழு பேர் பேர் கொடுத்துவிட்டார்கள். சீட்டுப் போட்டு வைத்தது நான் கொடுத்துவிட்ட எலுமிச்சங்காய் ஊறுகாய் பாட்டிலில். "எத்தன தடவை கழுவியும் காரம் போகலம்மா. சீட்டு எடுக்கறவன் எல்லாம் தும்மறான்."

நான் பெருமைப்பட்டேனா? இல்லை. கடல் தாண்டிப் போயும் எழவு வீடு எழவு வீடாகத் திரிகிறானே, எப்போது படிக்கிறான் என்று உன் நைனாவிடம் சொன்னேன்.

இப்போது பெருமையாக இருக்கிறது. இப்போது இருந்து என்ன?

9 ஜூலை

அமெரிக்காவிலிருந்து தடித்த தபால். இங்கிலீஷ். அனுப்பியவன் பேர் மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தேன் — மின்ஹோ. உன்னைக் கொண்டுவந்த இரண்டு பையன்களில் கொரியாக்காரன். மானசா சனிக்கிழமைதான் வருவாள். அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

10 ஜூலை

எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

13 ஜூலை, சனி

மானசா படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். நடுவில் இரண்டு தரம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

நமக்குத் தெரிந்தது இவ்வளவுதானே? நீ யாரோ ஒருத்தன் வீட்டுச் சாவுக்குத் துணை போய்த் திரும்பும்போது, பனியில் கார் சறுக்கிவிட்டது. அதற்கு மேல் கேட்க உங்க நைனாவுக்குப் பலம் இல்லை. இப்போது மீதியும் தெரிந்துவிட்டது.

செத்தது ஆண்ட்ரூவின் அப்பா. ஆண்ட்ரூதான் உன் பெட்டியோடு வந்த அந்த வெள்ளைக்காரப் பையன், உயரமாக, காது சிவந்து நின்றானே, அவன். எட்டு மணி நேரக் கார் பயணத்தில் அவர்கள் பண்ணை. மின்ஹோ அவனுக்குத் தெரிந்தவன். சீட்டு உன் பேருக்கு விழுந்தது. நீ அவனோடு அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்லையாம். மூன்று நாள் அங்கே இருந்தாய். அவர்கள் வீட்டுச் சமையலறையில் மூன்று நாளும் வந்தவர்கள் சாப்பிட்ட பாத்திரம் பூராவும் நீதான் கழுவினாயாம். நீயா! இங்கே குடித்த டம்ளரை நகர்த்தி வைத்தவனா நீ?

ஆண்ட்ரூ அவன் அம்மாவோடு தங்கிவிட்டான். நீங்கள் இரண்டு பேர் திரும்பினீர்கள். "காரை நான்தான் ஓட்டினேன். மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்" என்று மின்ஹோ எழுதியிருக்கிறான். அந்த இடத்தில் மட்டும் எழுத்து பெரிசு பெரிசாக இருந்தது.

உன்னை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தபோது கூடப் போக இரண்டு பேர் வேண்டும் அல்லவா. தெரிந்தவன் மின்ஹோ, கையில் மாவுக்கட்டோடு. தெரியாதவனுக்குச் சீட்டு எடுக்கப் பாட்டிலைத் திறக்கப் போனபோது ஆண்ட்ரூ வந்து நின்று, சீட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். அப்பாவைப் புதைத்து இரண்டு வாரம் ஆகவில்லை, புஜ்ஜி. அவன் அம்மாதான் போகச் சொன்னார்களாம்.

நான் அந்தப் பையன்களை என்ன செய்தேன் தெரியுமா? நீ பார்த்திருக்க மாட்டாய். பெட்டி கொண்டுவருகிற கம்பெனி ஆட்கள் என்று நினைத்துவிட்டேன். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கச் சொல்லவில்லை. எரித்துவிட்டு வந்த பிறகு இருவரும் என் முன்னால் வந்து கைகூப்பி, "போயிட்டு வாரோமுங்க" என்றார்கள். நீ சொல்லிக்கொடுத்ததாகத்தான் இருக்கும். சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்று நீ எதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கப் போகிறாய்? நான் கத்தினேன். "இன்னும் எதுக்குடா வாரீங்க? இன்னொரு எழவுக்கா?" பாஷை புரிந்திருக்காது. முகம் புரிந்திருக்கும். அந்த உயரப் பையன் தலையைக் குனிந்து, நன்றி என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனான்.

தூ, நானும் ஒரு பொம்பளையா.

14 ஜூலை

நைனாவிடம் மானசா கடிதத்தைப் படித்துக் காட்டினாள். கடைசி வரைக்கும் கேட்டார்.

"ஓட்டுனவன் எழுதறான். ஓட்டாதவன் எழுதறதுக்கு இல்ல." அவ்வளவுதான் சொன்னார்.

எழுந்து போய்க் கொல்லையில் கிடந்த பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அது ரிப்பேருக்கு வந்ததே இல்லை. நல்லா ஓடிக்கொண்டிருந்த மோட்டார்.

20 ஜூலை

பதில் போட்டாகிவிட்டது. நான் சொன்னேன், மானசா இங்கிலீஷில் எழுதினாள்.

"மின்ஹோ கண்ணு, ஆண்ட்ரூ கண்ணு, நல்லா இருக்கீங்களா? கை கூடிருச்சா? அன்னிக்கு நான் பேசுனது ஒரு பெத்தவ பேசற பேச்சு இல்ல. நீங்க சாப்புடாமப் போனீங்க. எப்ப வந்தாலும் இது உங்க ஊடு. போயிட்டு வாங்க."

மானசா பேனாவை நிறுத்தினாள். "அவங்க போயி அஞ்சு மாசம் ஆச்சும்மா, இப்பப் போயிட்டு வாங்கன்னா?"

"எழுது. அன்னிக்குச் சொல்லாதது."

காரைப் பற்றி ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. என்ன எழுதுவது? மனசு முழுசாக ஆறிவிட்டது என்றால் பொய். ஆனால் மறைக்காமல் எழுதினான் பார், அந்த நெஞ்சுரம் உன் வயசுப் பையனுக்கு எங்கிருந்து வந்தது?

கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. இப்போது பாட்டிலில் நாற்பத்தொரு பேர். பக்கத்துக் கட்டிடத்திலும் கேட்டு வாங்கிக்கொண்டார்களாம். உன் பேர்ச் சீட்டை யாரும் எடுத்துப் போடவில்லை. அது வந்தால் இன்னொரு சீட்டு எடுப்பார்களாம். அன்றைக்கு மட்டும் மூன்று பேர் போகிறோம் என்று கணக்காம்.

இதைப் படித்ததிலிருந்து என்னமோ நிமிர்ந்து நடக்கிறேன். கடைத்தெருவில் எல்லாரையும் நிறுத்திச் சொல்லலாம் போல இருந்தது. சொல்லவில்லை.

3 ஆகஸ்ட்

ஆடிப் பதினெட்டு. கலந்த சாதம் எதுவும் செய்யவில்லை, துக்க வருஷத்தில் நமக்கு நோம்பி, பண்டிகை இல்லை.

தாள் இன்னும் ஆணியில்தான் இருக்கிறது. உன்னைப் பாராட்டுவது சுலபமாக இருக்கிறது, புஜ்ஜி. நீ முடிந்துபோனவன். அவள் இன்னும் பஸ்ஸில் போகவேண்டியவள். பேனாவை எடுத்தால் அந்த வெள்ளைப் பனி வருகிறது. நான் பார்த்ததே இல்லை அந்தப் பனியை. இருந்தாலும் வருகிறது.

எட்டாம் தேதிக்குள் வேண்டும் என்று போனில் கேட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

9 ஆகஸ்ட், வெள்ளி

எட்டும் போய்விட்டது. நாளைக்கு இரண்டாம் சனி, ஹாஸ்டலில் பார்க்க விடுவார்கள். முறுக்கும் துவைத்த துணியும் எடுத்துக்கொண்டு போகிறேன். தாளையும் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன். முடியாது கண்ணு, என்னால முடியாது என்று நேராகச் சொல்லிவிட வேண்டியது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும், போனில் சொல்வது தப்பு.

நீ கோபித்துக்கொள்ளாதே. நீ பெற்றுப் பார்த்தவன் இல்லை.

12 ஆகஸ்ட், திங்கள்

உடம்பெல்லாம் வலி. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

சனிக்கிழமை ஹாஸ்டலுக்குள் நுழையும்போது எட்டரை. வார்டன் ரூமில் ஒரு பெஞ்சு. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், காலில் செருப்பில்லை, தலையில் எண்ணெய் வைத்துப் பாதி பின்னிய ஜடை. மானசா அவள் பக்கத்தில். "அம்மா, இவ சாஜிதா, என் கிளாஸு. அந்தியூரு. அவங்க அத்தா காலைல தவறிட்டாராமா" என்றாள். சாயங்காலத் தொழுகைக்கு முன்னால் அப்பாவை அடக்கம் செய்கிறார்களாம். வீட்டில் அம்மாவும் ஒரு சின்னத் தங்கையும்தான், கூட்டிப்போக வர ஆம்பளை ஆள் இல்லை. சித்தப்பா மேட்டூரிலிருந்து வரவேண்டும்.

வார்டன் சாராள் மேடம் கெட்டவர் இல்லை. கண் கலங்கித்தான் இருந்தார். "நான் என்னங்க பண்றது? ஒரு கையெழுத்துக்கூட வரலியே. அந்தப் புள்ளைங்கள அனுப்பி ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?"

பையில் முறுக்குக்கு மேலே அந்தத் தாள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுவரில் காலண்டர்.

"பேனாக் குடுங்க மேடம்" என்றேன். தாளை விரித்து, கனகம் என்று என் பேரை எழுதினேன். "இவ தெரிஞ்சவ, இவ போவா. இன்னொரு ஆளு தெரியாதவங்களா இருக்கோணும். எனக்கு இந்தப் புள்ளையத் தெரியாதுங்க. நான் போறேன்."

மானசா என்னைப் பார்த்த பார்வை. நீ இருந்தால் உன்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள். சாஜிதாவுக்கு மீதி ஜடையைப் பின்னிவிட்டுச் செருப்பு எடுத்து வந்து மாட்டினாள். இருபது வயசு ஆகவில்லை, ஒரு பதட்டம் இல்லை. உன் தங்கச்சிதான், சந்தேகமே இல்லை.

காந்திபுரத்தில் பூத்திலிருந்து கடைக்குப் போன் செய்தேன். சேதியைச் சொன்னதும் நைனா கேட்டார்.

"எந்த வழி?"

"அவினாசி, கோபி வழிங்க."

"டிரைவருக்குப் பின்னால உக்காராதீங்க. நடுவுல உக்காருங்க." அப்புறம், "அந்தப் புள்ள எதாச்சும் குடிச்சுதா?"

"இல்லீங்க."

"காப்பி வாங்கிக் குடுத்து ஏத்து" என்று வைத்துவிட்டார்.

டிக்கெட் நான்தான் எடுத்தேன். தண்ணீர் வாங்கினேன். அந்தியூரில் குதிரைச் சந்தை, பஸ் பூராவும் பண்டிகைக்குப் போகிற சனம், ஒரே சிரிப்பும் சத்தமும். முன்சீட்டுப் பெரியவர் திரும்பி, "புள்ளைங்களுக்குக் குதிரை காட்டறதுக்குங்களா, அம்மணி?" என்றார். சாஜிதா உதட்டைக் கடித்தாள். "இல்லீங்க, ஊட்டுக்குப் போறமுங்க" என்று நான் சொன்னேன். அவர் பாவம், பொரிப் பொட்டலத்தைப் பிரித்து எல்லார் கையிலும் போட்டார். சாஜிதா அதைத் தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை. மூடிய கையோடு ஊர் வரைக்கும் வந்தாள்.

அடக்கத்துக்கு முன்னால் போய்விட்டோம். முகம் பார்த்துவிட்டாள். அவள் அம்மா உம்மல் குல்சும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க யாருங்க என்று கேட்டார்கள். யாருமில்லீங்க என்றேன். பின்கட்டில் மலையாகப் பாத்திரம் கிடந்தது, நானும் மானசாவும் உட்கார்ந்து கழுவினோம். அன்றைக்குப் பக்கத்து வீட்டில் படுத்துவிட்டு நேற்றுத் திரும்பினோம். மானசா ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். நான் வந்த பஸ் உடுமலையில் நிற்கும்போது நைனா ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். எத்தனை பஸ் பார்த்தாரோ. பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டு வாசல் வந்ததும்தான் கேட்டார்: "அந்தப் பொண்ணு அழுதுச்சா?"

"ஊடு போயிச் சேந்தப்பறம் அழுதுதுங்க."

"அது நல்லது" என்றார்.

ஆனால் ஒன்று மனசிலேயே நிற்கிறது. கோபி தாண்டியதும் மானசா கண் அயர்ந்துவிட்டாள். அந்தப் பெண் மெதுவாக என் பக்கம் திரும்பி, "உங்க பையன் செத்தப்ப உங்களுக்கு எப்படிங்க இருந்துச்சு? இனி எனக்கு எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டது. அதன் மூடிய கைமேல் என் கையை வைத்துக்கொண்டு வெளியே ஓடுகிற வாய்க்காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். டிக்கெட் எடுக்கத் தெரிந்தது, தண்ணீர் வாங்கத் தெரிந்தது, இது தெரியவில்லை.

எட்டு மணி நேரம் அந்த ஆண்ட்ரூ பக்கத்தில் உட்கார்ந்து போனாயே, புஜ்ஜி. அவனும் இப்படிக் கேட்டிருப்பானே. நீ என்னடா சொன்னே?